வெள்ளிக்கிழமைச் சீட்டு

அலோ... அலோ... பாஸ்டரம்மாங்களா? ஸ்தோத்திரமுங்க. நாந்தானுங்க, ராசம்மா. பெரியநாயக்கன்பாளையம் பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல இருக்கற போன் பூத்துல இருந்து பேசறேன்... ஆமாங்க, ஆமாங்க... சாப்பாடெல்லாம் ஆச்சுங்க. ஒண்ணு கேக்கோணும். மறைக்காமச் சொல்லோணும்... ஒரு நிமிசம். ஏனுங்க நஞ்சுண்டண்ணா, உங்க பூத்துக் கதவக் கொஞ்சம் சாத்துங்க. அடுத்தவங்க பேச்சுல உங்களுக்கு என்னங்க இருக்குது?

ம்... வெள்ளிக்கிழம உபவாசக் கூட்டத்துல பேரு போடாம ஜெபச் சீட்டு எழுதிப் பெட்டில போடறோமுங்களே? ஆளுக்கொண்ணு எடுத்துட்டுப் போயி ஒரு வாரம் ஜெபிக்கச் சொல்றீங்களே... ஆமாங்க, அதேதான். எனக்கு வந்த சீட்டு எங்க எழிலு எழுதுனது... ஏனுங்க, பெத்தவளுக்குப் புள்ளையோட கையெழுத்து தெரியாதுங்களா?

... படிக்கறேன், கேளுங்க. "வீட்டில் மூன்று மாதமாக ஒரு விஷயத்தை மறைக்கிறேன். சீக்கிரம் தானாகவே தெரிந்துவிடும். அதற்குள் சொல்லத் தைரியம் வேண்டும்." மூணு மாசமுங்க, பாஸ்டரம்மா! பத்தொம்பது வயசுப் புள்ள. நான் என்னன்னு நெனைக்கறது?

... தப்பா நெனைக்கலீங்க. கண்ணால பாக்கறேன். சோத்தப் பெசஞ்சுபோட்டு பாதில எந்திரிச்சுர்றா. டைப்ரைட்டிங் கிளாசு முடிஞ்சு வாரதுக்கு ஆறரை ஆகுது. அவ பைபிளக்கூட உதறிப் பாத்துட்டனுங்க... ஒண்ணுமில்ல, போன வருசம் சர்ச்சுல குடுத்த வாக்குத்தத்த வசன அட்டதான் உழுந்துச்சு.

அவங்கப்பனுக்கும் தெரியுமுங்க. அன்னைக்கு சர்ச் வாசல்ல ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிட்டிருந்தாங்க. நான் போனதும் கப்புனு வாய மூடிட்டாங்க. அந்த மனுசன் என் மூஞ்சியப் பாத்துப் பேசியே எத்தன நாளாச்சு. முன்னெல்லாம் மில்லுல இருந்து தலையெல்லாம் பஞ்சா வருவாரு. இப்ப மாப்பிள்ளையாட்டம் சீவிட்டு வாராரு.

... உங்களுக்கும் தெரியும். இல்லீன்னா ஏன் இழுத்து இழுத்துப் பேசறீங்க?... ஜெபமெல்லாம் அப்பறமுங்க. மொதல்ல அந்தப் பையன் யாருன்னு சொல்லுங்க!

... கேட்டனுங்க. காலைல சீட்ட மூஞ்சிக்கு நேரா நீட்டிக் கேட்டேன். "அதச் சொல்லக் கூடாதும்மா"ங்கறா. ஓங்கி ஒண்ணு வெச்சுப்போட்டேன்... ஆமாங்க, கன்னத்துலதான். அழுகக்கூட இல்ல. பையத் தூக்கிட்டுப் போயிட்டா.

... என்னங்க?... எழுதத் தெரியாதவங்களுக்கு அவதான் எழுதித் தர்றாளா? எப்ப இருந்துங்க?... நீங்கதான் உக்கார வெச்சீங்களா... யாரு எழுதச் சொன்னதுன்னு வெளிய சொல்லமாட்டேன்னு ஆண்டவரு முன்னால வாக்குக் குடுத்திருக்கறாளா...

அப்ப அது எம் புள்ளையோடது இல்லீங்களா? ஸ்தோத்திரம் அப்பா, ஸ்தோத்திரம்... இல்லீங்க, அழுகல.

... அப்பறம் யாரோடதுங்க?... செரி, செரி, சொல்ல வேண்டாமுங்க. கேக்கல... எழுதத் தெரியாதவங்க நம்ம சபைல எத்தன பேரு இருக்கறாங்க... மருதாக்கா. மருதாக்காளுக்கு மறைக்க ஊட்டுல யாரு இருக்கறாங்க...

பாஸ்டரம்மா.

எங்க ஊட்டுக்காரரும் கைநாட்டுதானுங்களே.

... மில்லுல ஆளக் கொறைக்கறாங்கன்னு பொங்கலுக்கு முன்னாலயே பேச்சு அடிபட்டுச்சு. இவரு ஒண்ணுமே சொல்லல. மூணு மாசமாத் தலைல பஞ்சே இல்லீங்க. சம்பளத்த மட்டும் கொண்டாந்து குடுத்தாரே... தெனமும் டிபன் கேரியரத் தூக்கிட்டு எங்க போயி என்ன வேல செஞ்சாரோ... நீங்க சொல்ல வேண்டாமுங்க. எனக்கு வெளங்கிப்போச்சு.

எஞ்சாமி... அப்பனக் காட்டிக்குடுக்காம அறைய வாங்கிட்டு நின்னாளே...

... இல்லீங்க, அவரக் கேக்கமாட்டேன். அவராச் சொல்லட்டும்... சீட்டா? இடுப்புலதானுங்க இருக்குது. நாலு நாளா எடுத்து எடுத்துப் பாத்தேன். ஒருக்காகூட அதுக்காக ஜெபிக்கலீங்க, பாஸ்டரம்மா. ஒருக்காகூட...

ம்... இப்பவா? செரி, ஜெபம் பண்ணுங்க... இருங்க, இருங்க. பஸ் வந்துருச்சு. அவதானுங்க எறங்கறா. கன்னம் இன்னும் செவந்து... எழிலு! ஏ கண்ணு! இங்க வா சாமி, அம்மா இங்க இருக்கறேன்... வெச்சர்றேனுங்க, புள்ள ரோட்டத் தாண்டறா—