கீறல் விழுந்த காந்தம்

எனக்குப் பாத்திரம் கழுவப் பிடிக்காது. என் மனைவி இதைச் சொல்லிக்காட்டாத நாள் இல்லை. "தண்ணியில காட்டி எடுக்குறதுக்குப் பேரு கழுவுறதா?" என்பாள். ஆய்வகத்திலும் நான் அப்படித்தான். விசாரணைக் குழுவில் மூன்று பேர் இருக்கிறீர்கள். யாராவது ஒருவர் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

எங்கள் வேலை இரண்டு மூலக்கூறுகளை ஒட்டவைப்பது. அதற்கு ஒரு வினையூக்கி வேண்டும். வழக்கமாகப் பல்லேடியம் என்ற உலோகத்தைப் போடுவார்கள். யானை விலை, குதிரை விலை. நான் துத்தநாகச் சேர்மம் ஒன்றோடு கார்பீன் என்ற கரிமத் துணையைச் சேர்த்துப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டது. மலிவான துத்தநாகமே போதும் என்று கட்டுரை எழுதினேன். பதவி உயர்வு கிடைத்தது. துறைத் தலைவர் எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டி, "இவன் கைராசிக்காரன்" என்றார்.

அப்புறம் அவள் வந்தாள், ஆராய்ச்சி மாணவி. எதையும் மூன்று தடவை கழுவுவாள். அதனால் எங்கள் எல்லாருக்கும் அவள் 'சோப்பு'. அப்படிக் கூப்பிட்டால் சிரிப்பாள். என்னை அண்ணா என்பாள். முதலில் என் சோதனையை அப்படியே திருப்பிச் செய்துவிட்டு, அதிலிருந்து அவள் தன் ஆய்வைத் தொடங்க வேண்டும். அவளுக்கு அது வரவே இல்லை. இரண்டு மாதமாகக் குடுவையில் போட்டது போட்டபடி கிடந்தது.

"உனக்குக் கைராசி இல்லம்மா" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாம் மாதம், நானே செய்து காட்டலாம் என்று உட்கார்ந்தேன். குடுவைக்குள் சுழன்று கலக்கிவிட ஒரு காந்தத் துண்டு போடுவோம். விரல் நுனி அளவு, வெள்ளை உறை போட்டது. என் பழைய காந்தம் கைக்கு அகப்படவில்லை. புதிதாக ஒன்றைப் போட்டேன். எதுவும் நடக்கவில்லை. மறுநாள் பழையது கிடைத்தது. அதைப் போட்டதும் நடந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். உறையின் கீறல்களில் கறுப்பாகப் படிந்திருந்தது. பல வருஷம் பல்லேடியம் கலக்கிய காந்தம் அது. நான் அதை ஒழுங்காகக் கழுவியதே இல்லை. என் கண்டுபிடிப்பு முழுவதும் அந்த அழுக்குதான்.

அன்றே சொல்லியிருக்கலாம். தலைவரின் அறை பத்தடி தூரம். வாய் வரை வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியிருக்குமே என்று நினைத்ததும் விழுங்கிவிட்டேன்.

அவள் கெட்டிக்காரி. ஒரு மதியம் என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணா, எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன். நீங்க போட்ட காந்தத்த ஒரே ஒரு தடவ குடுங்களேன்."

"அதுல என்னம்மா இருக்கப் போகுது?"

"ஒண்ணும் இருக்காதுதான். ஆனா சந்தேகம் போயிடும்ல?"

கொடுத்தேன். ஒரு புதுக் காந்தத்தை எடுத்து, பிளேடால் கீறி, தேநீரில் ஊறவைத்து, என்னுடையது என்று கொடுத்தேன். கீறல்கள் ஒரே மாதிரி விழக்கூடாது என்பதில்கூடக் கவனமாக இருந்தேன். அவ்வளவு பொறுமையாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. 

அந்தக் காந்தத்தாலும் ஒன்றும் நடக்கவில்லை. அவளுடைய சந்தேகம் போய்விட்டது. தப்பு தன் கையில்தான் என்று முடிவு செய்தாள். "துத்தநாகம் பழசாகியிருக்கும், புது பாட்டில் திறந்து பாரு" என்று சொன்னது நான்தான். அந்தத் துத்தநாகச் சேர்மம் ஒரு திரவம், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். அதைக் கையாள வைத்திருக்கும் காற்றுப் புகாத பெட்டி அந்த வாரம் பழுதாகிக் கிடந்தது. பாட்டிலிலிருந்து குடுவைக்கு ஊசியால் உறிஞ்சித்தான் மாற்ற வேண்டும். ஆறு தடவை மாற்றினாள். ஒவ்வொரு தடவையும் அது வீண் வேலை என்று எனக்குத் தெரியும். பக்கத்து மேஜையில்தான் இருந்தேன். ஏழாவது தடவை ஊசியின் தண்டு கழன்று, திரவம் அவள் கையில் கொட்டித் தீப்பிடித்தது.

உங்கள் முன்னால் இருக்கும் அறிக்கையில் 'மாணவியின் கவனக்குறைவு' என்று இருக்கிறதே, அதை எழுதிக் கொடுத்தவன் நான். அவளைப் போலக் கவனமாக வேலை செய்த ஒருவரை நான் பார்த்ததில்லை. கழுவினாள், அது ஒன்றுதான் அவள் செய்தது.

அசல் காந்தம் இதோ இருக்கிறது. சோதித்துப் பாருங்கள். இத்தனை நாளும் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

மருத்துவமனைக்கும் போனேன். வலது கையில் மூன்று விரல் இனி மடங்காது என்று அவளுடைய அம்மா சொன்னார். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"மன்னிச்சிடுங்கண்ணா. உங்க பேரக் கெடுத்துட்டேன்."

"பரவாயில்லம்மா" என்றேன். "நான் எதையும் மனசுல வச்சுக்கல."