நீவெஸுக்கு நான் எழுதிய சொற்கள்

முழங்காலிடும் இந்தப் பலகை நன்றாகத் தேய்ந்துவிட்டது, சாமி. என் வயதுக்காரிகளுக்கு இது வலிக்கும். ஈஸ்டர் கழிந்ததும் ஒரு மெத்தை தைத்துக் கொண்டுவருகிறேன். வீட்டில் நல்ல சிவப்பு வெல்வெட் இருக்கிறது. நீவெஸ் மேடையில் உடுத்திய அங்கி. அவளுக்கு இனி அது வேண்டியதில்லை.

அவள்தான் என்னை இங்கே பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பினாள். பெரிய வெள்ளிக்கு முன்னால் போய்விட்டு வா என்றாள். பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் பேச்சு கிசுகிசுப்புதான். காகிதத்தைக் கசக்குவது போன்ற சத்தம். எனக்குப் பழகிவிட்டது. அடுத்த அறையில் இருந்தாலும் கேட்கும்.

எங்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பார்மா இசைப்பள்ளியில் ஒரே அறையில் படுத்து வளர்ந்தவர்கள். அவளுக்கு மேல்குரல், எனக்குக் கீழ்க்குரல். மேல்குரல்காரிகளுக்குக் காதலும் சாவும் கிடைக்கும். எனக்குத் தாதி, சூனியக்காரி, யாருக்கோ தாய். இருபத்திரண்டு ஆண்டுகள் பாடினேன், மேடையில் ஒருமுறைகூடச் சாகவில்லை. தாதியின் சாவுக்கு யாரும் இசையமைப்பதில்லை.

தாதிக்குக் காத்திருக்கும் நேரம் அதிகம். அந்த நேரத்தில் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து எழுதப் பழகினேன். முதலில் பாட்டுகள், பிறகு ஒரு முழு இசைநாடகத்துக்கான வரிகள். மேஸ்ட்ரோ துல்லியோ அதற்கு இசையமைத்தார். நீவெஸ் நாயகி. நான் என் சொந்த நாடகத்திலும் தாதிதான்.

அரங்கேற்றம் நன்றாக நடந்தது. திரை விழுந்தபின் எல்லோரும் முன்னால் வந்து வணங்கினோம். நீவெஸ் பின்வரிசைக்கு வந்து என் கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். மேல்மாடியில் மலிவுச் சீட்டில் இருந்தவர்களைப் பார்த்து, "இவதாங்க எழுதினா. இவ இல்லன்னா நான் வாயைத் திறந்துட்டு சும்மா நின்னிருப்பேன்" என்றாள். அவள் சொன்னதால் கைதட்டினார்கள். பசித்தவளுக்குத் தன் தட்டிலிருந்து எடுத்து வைப்பதுபோல அவள் எனக்குக் கைதட்டலை எடுத்து வைத்தாள். அது ஒரு நல்ல செயல் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. அன்றிரவு வீட்டுக்குப் போய் அடுத்த நாடகத்தைத் தொடங்கினேன்.

பாடாதவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும், சாமி. உச்சிக்குப் போகும்போது தொண்டை திறந்திருக்க வேண்டும். 'ஆ' என்ற ஒலி கதவைத் திறந்துவிடும். 'ஈ' பாதி சாத்தும். 'ஊ' முழுக்கச் சாத்தும். பாட்டு எழுதும் எவனும் உச்ச சுரத்துக்கு 'ஆ' வரும்படிதான் சொல் வைப்பான். தெரியாமல் 'ஊ' வைத்துவிட்டால் பாடகி வந்து கேட்பாள், அவனும் மாற்றிக் கொடுப்பான். இது எங்கள் தொழிலில் காலங்காலமாக உள்ள வழக்கம். சில பாடகிகள் கேட்கவும் மாட்டார்கள், ஒலியைக் கொஞ்சம் மழுப்பிப் பாடிவிடுவார்கள். நீவெஸால் அது முடியாது. சொல் சுத்தத்துக்குப் பேர்போனவள் அவள். எங்கள் ஊர் மேல்மாடிக்காரர்கள் வரிகளை மடியில் விரித்துவைத்துக்கொண்டு கேட்பவர்கள். ஒரு எழுத்து மழுங்கினால் விசிலடிப்பார்கள். எங்களிடம் விசில் பாராட்டு இல்லை, செருப்படி.

இவை எல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த அளவு எந்தக் கவிஞனுக்கும் தெரியாது, ஏனென்றால் நானும் பாடுகிறவள்.

சுரம் மேஸ்ட்ரோவின் வேலைதானே என்று நீங்கள் கேட்கலாம். நான் வரிகளை அவரிடம் தாளில் கொடுத்ததில்லை, பியானோ பக்கத்தில் நின்று படித்துக் காட்டுவேன். உச்சி எங்கே வர வேண்டுமோ அங்கே என் குரல் கொஞ்சம் உயரும். அவர் விரல்கள் அங்கேயே போகும். "எனக்குத் தோணினது உனக்கும் தோணியிருக்கே எர்சீலியா" என்று மகிழ்ந்துபோவார். பாவம், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இரண்டாவது நாடகத்தின் ஒத்திகை நடந்த வாரம் நீவெஸ் என் சமையலறைக்கு வந்தாள். எனக்குப் பிடிக்கும் என்று சுட்ட செஸ்ட்நட் ஒரு பொட்டலம் வாங்கிவந்திருந்தாள். உரித்து உரித்து என் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னாள்.

"ஏண்டி, என்னைக் கொல்லணும்னே எழுதினியா? மலை உச்சிக்குக் கூட்டிட்டுப் போயி 'ஊ'ன்னு ஊத வைக்கிறியே. நான் என்ன ரயிலா?"

"கதையில மகனைப் பறிகொடுத்தவ நீ. வாயைப் பொளந்துகிட்டா அழுவே? தொண்டை அடைக்கும்."

"அடைக்குது தாயே, நிஜமாவே அடைக்குது. ஒரு சொல்லை மாத்தேன்."

"மாத்தினா அந்தத் துக்கம் போயிடும் நீவெஸ்."

அவள் இன்னொரு கொட்டையை உரித்து என் பக்கம் தள்ளினாள். "சரி, நீயும் பாடுறவதானே. உனக்குத் தெரியாததா" என்றாள். அந்தப் பொட்டலத்தில் அவள் ஒன்றுகூடத் தின்னவில்லை என்பது அவள் போனபிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு எழுதினேன். எல்லாம் அவளுக்காக. மூச்சு எடுக்க இடமில்லாத நீண்ட வரிகள், உச்சியில் சாத்திய கதவுகள். பத்திரிகைகள் என் சொல்லழகைப் புகழ்ந்தன. ஆறு ஆண்டுகள். அவசரப்படவில்லை. துணி வெளுப்பதுபோல அவள் குரலில் மேல்பகுதி வெளுத்துக்கொண்டு வந்தது. முதலில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது. நான்காவது நாடகத்துக்கு முன்னால் மருத்துவர் பார்த்துவிட்டு, குரல்நாணில் காய்ப்பு விழுந்திருக்கிறது, ஆறு மாதம் பேசவே கூடாது, பேசாமல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். மருத்துவரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் வழியில், ஆற்றுப் பாலத்தில் நின்று அவள் சொன்னாள்: "ஆறு மாசம் தள்ளி வைக்கச் சொல்லட்டுமா?"

"சொல்லு. ஆனா அரங்கத்துக்காரங்க காத்திருக்க மாட்டாங்க. வேற யாரையாவது போட்டுடுவாங்க. என் வரியை முன்னபின்ன தெரியாதவ பாடுவா. பரவாயில்ல, உன் உடம்புதான் முக்கியம்."

அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப கடைசி வரியை மட்டும் பாரேன். 'மாய் ப்யூ'ன்னு முடிச்சிருக்கே. ரெண்டு சொல்லையும் இடம் மாத்திப் போட்டா போதும்டி. 'மாய்'னு தொண்டையைத் திறந்து பாடிட்டு வந்துடுவேன்."

'மாய் ப்யூ' என்றால் இனி ஒருபோதும் இல்லை என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியும். இடம் மாற்றினாலும் அதே அர்த்தம்தான். எந்தக் கவிதையும் கெட்டுப்போகாது.

"பார்க்கிறேன்" என்றேன். பார்த்தேன். அப்படியே விட்டேன்.

மூன்று இரவுகள் மேடையேறிப் பாடினாள். நான்காவது இரவு 'ப்யூ' என்ற இடத்தில் ஏதோ கிழிந்தது. நான் தாதி உடையில் அவளைத் தாங்கிக்கொண்டு நின்றேன், அது என் வேடம். கிழிந்தது என் கைக்குத் தெரிந்தது. அவள் வாய் திறந்திருந்தது, காற்று மட்டும் வந்தது. ஒரு விசில், இரண்டு விசில். அப்போது மேல்மாடியிலிருந்து ஒரு கிழவர், காய்கறிக்கடைக்காரராக இருக்க வேண்டும், அந்த மாதிரிக் குரல், "வாயை மூடுங்கடா கழுதைங்களா. அம்மா, நீங்க உக்காருங்க. இருபது வருஷம் எங்களுக்குப் பாடினீங்க, இன்னைக்கு நாங்க உங்களுக்காகச் சும்மா இருக்கோம்" என்றார். விசில் நின்றது. ஆயிரம் பேர் அசையாமல் இருந்தார்கள். அவள் முழுசாகப் பாடிய நாளில்கூட அப்படி ஒரு மரியாதை யாருக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

அவளுக்கு யாரும் இல்லை, என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஊர் என்னைப் புனிதை என்றது. உங்களுக்கு முன்பிருந்த சாமி பிரசங்கத்திலேயே சொன்னார்.

அன்றிலிருந்து நான் ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் பென்சில்கள் சீவி வைக்கப்பட்டிருக்கும். அவள் வேலை. குளிர்காலத்தில் என் செருப்பு அடுப்புப் பக்கத்தில் சூடாக இருக்கும். சாப்பிட்டபின் ஆரஞ்சு உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாக என் தட்டில் இருக்கும். ஒவ்வொரு காலையும் அந்தக் கிசுகிசுப்பு எனக்கு நன்றி சொல்லும். நகரத்தை விட்டே போய்விடலாம் என்று இரண்டுமுறை பெட்டி கட்டினேன். இரண்டுமுறையும் வழிக்கு ரொட்டி சுற்றிவைத்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். போக முடியவில்லை. பூட்டிய கதவென்றால் உடைக்கலாம், சாமி.

போன ஞாயிற்றுக்கிழமை மெத்தைக்காக வெல்வெட்டைத் தேடி அவள் பெட்டியைத் திறந்தேன். அடியில் கடைசி நாடகத்தின் இசைத்தாள், அவள் பாடிய பிரதி. நான் சாத்திவைத்த ஒவ்வொரு எழுத்துக்கும் மேலே, பென்சிலில், திறந்த சொல் ஒன்று அவள் கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. நல்ல சொற்கள். சில இடங்களில் என்னுடையதைவிட நல்லவை. எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்திருந்தாள். கடைசிப் பக்கத்தில், 'மாய் ப்யூ'வுக்குக் கீழே இப்படி இருந்தது: "எர்சீலியா எழுதினபடியே பாடணும். அவளுக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

தலையைத் தூக்கினால் வாசலில் நிற்கிறாள். கையில் ஆரஞ்சுத் தட்டு. தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "பெரிய வெள்ளிக்கு முன்னாடி கோயிலுக்குப் போயிட்டு வாடி. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல. சூப்பு ஆறாம பாத்துக்கிறேன்."

அதனால் வந்தேன். தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். நீவெஸின் குரலை எடுத்தது நான்தான். தெரிந்தே எடுத்தேன், எழுத்து எழுத்தாக எண்ணி எடுத்தேன். மருத்துவர் சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. இதற்கு நீங்கள் எவ்வளவு பெரிய தண்டனை கொடுத்தாலும் செய்கிறேன்.

மனம் வருந்துகிறாயா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நியாயம் என்று வந்துவிட்டால் அவள் பக்கத்தில் இருக்கும் தவறையும் சொல்ல வேண்டும் அல்லவா. பாடகி கேட்டால் எழுதியவர் மாற்றிக் கொடுப்பது எங்கள் வழக்கம். அவள் வாய் திறந்து ஒரே ஒருமுறை என்னிடம் கேட்டிருந்தால், சாமி, நான் மாற்றிக் கொடுத்திருப்பேன்.