செவ்வாய்க்கிழமை ஆட்டங்களுக்கு எதிராக

சனிக்கிழமை நல்ல நாள். இதற்காக யாரும் என்னோடு சண்டைக்கு வர மாட்டார்கள் என்று நினைக்கிறேன். வேலைக்குப் போகிறவனுக்கும் சரி, என்னைப் போல ஓய்வு பெற்றவனுக்கும் சரி, வாரத்தில் ஒரு நாளாவது சோம்பலாக விடிய வேண்டும். மத்தியானம் நாலு பேரோடு நின்று சாப்பிட்டு, ஆட்டம் பார்த்து, பொழுதோடு வீடு திரும்ப வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

வக்கீல் வரும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று போலீஸ்காரரான நீங்களே சொன்னது உங்கள் நல்ல மனசு. ஆனால் ஏன் செய்தாய் என்றும் கேட்டீர்கள். அதற்கு வக்கீல் எதற்கு? வேலை பார்த்த காலமெல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளைப் பார்வையிட்டவன் நான். நசுங்கிக் கிடக்கும் காருக்குப் பக்கத்தில் நின்று, என்ன நடந்தது, தப்பு யார் பக்கம் என்று சொல்வது என் தொழில். அழுதுகொண்டே சொல்கிறவனும் உளறுவான், கத்திக்கொண்டே சொல்கிறவனும் உளறுவான். நிதானமாகச் சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் பெல்வுட் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணிக்கு நீர்நாய்தான் சின்னம். ஒஹாயோவில் பெரிய அணி எது என்று கேட்டால் யாரும் எங்கள் பக்கம் கை காட்ட மாட்டார்கள். அதனால் என்ன? மைதானத்துக்கு மேற்கே அந்தச் சரளைக்கல் வண்டி நிறுத்தத்தில், இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில், வண்டிகளின் பின்கதவைத் திறந்துபோட்டு அடுப்பு மூட்டிவிட்டால் அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்குக் கிடையாது. நானும் என் மனைவி நார்மாவும், ரோலியும் அவன் மனைவி ஜனீனும், ஸ்கூல் பஸ் ஓட்டும் கார்லாவும். எங்களைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். நான் சாசேஜ் வாட்டுவேன். ரோலி கதை விடுவான்.

ரோலண்ட் ஹெல்விக் என்ற அந்த ரோலியைப் பற்றி உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரெண்டு மாவட்டம் தள்ளி மாட்டுப்பண்ணை வைத்திருந்தான். பனி கொட்டினாலும் சட்டையைக் கழற்றித் தொப்பையில் நீர்நாய் வரைந்துகொண்டு நிற்பான். எதிரணிக்காரர்கள்கூட அவனைத் தேடி வந்து படம் எடுத்துக்கொள்வார்கள். நார்மா செத்த பிறகு வந்த முதல் ஆட்டத்துக்கு நான் போவதாக இல்லை. ரோலி வீட்டுக்கே வந்து, கோட்டை என் கையில் திணித்து, நடத்திக் கூட்டிக்கொண்டு போனான். வழியெல்லாம் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை, மாடுகளைத் திட்டிக்கொண்டே வந்தான். அவனைப் போல ஒரு சிநேகிதன் எனக்கு வாய்த்ததில்லை.

நார்மா போன பிறகு எனக்கு மிச்சம் இருந்தது சனிக்கிழமைதான். அதைத்தான் தொலைக்காட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை எல்லாச் சேனலையும் பெரிய அணிகள் பிடித்துக்கொள்கின்றன, வாரநாளில் ஆடினால் போட்டியே இல்லை, நாடு முழுக்க உங்களைக் காட்டுகிறோம் என்றார்கள். பல்கலைக்கழகம் தலையாட்டியது. நவம்பர் மாத ஆட்டங்கள் எல்லாம் செவ்வாய் இரவுக்கும் புதன் இரவுக்கும் போய்விட்டன.

இதைப் பற்றி நாங்கள் பேசாத நாள் இல்லை. கூட்டம் ரெண்டாகப் பிரிந்து நிற்கும். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குளிரில் வெகுதூரம் வண்டி ஓட்டிப் போகவேண்டிய ரோலி, செவ்வாய்க்கிழமைக் கட்சி.

"யோவ் டெல், சனிக்கிழமைன்னா நம்ம ஆட்டத்தைப் பக்கத்து ஊர்க்காரன்கூடப் பார்க்க மாட்டான். செவ்வாய்க்கிழமைன்னா நாடே பார்க்குதுய்யா. அரிசோனாவுல இருந்து என் தங்கச்சி போன் பண்றா, உன் தொப்பையை டிவியில பார்த்தேன்னு," என்றான் என்னிடம்.

"ஆமா, உங்க தொப்பையைப் பார்க்கத்தான் நாடே காத்துக்கிட்டு கிடக்கு," என்றாள் கார்லா. "விடியறதுக்கு முந்தி நான் பஸ்ஸை எடுக்கணும் ரோலி. பாதி ராத்திரி வரைக்கும் இங்க நின்னு கத்திட்டு, காலையில பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு நான் தூங்கி விழறதா?"

"பஸ்ஸை என் மாடுங்ககிட்ட குடு. உன்னைவிட நல்லாவே ஓட்டும்."

"அவங்களுக்கு நாம வேணாம்டா," என்றேன் நான். "நாம வந்தாலும் வராட்டியும் கேமரா ஓடும். பெஞ்சு காலியாக் கெடக்கு, உனக்குத் தெரியலையா?"

"சனிக்கிழமையும் காலியாத்தான் கெடந்துச்சு. அப்போ நீ சாசேஜைப் பார்த்துக்கிட்டு இருந்த, பெஞ்சைப் பார்க்கல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அவன் சொன்னது தப்பு. சனிக்கிழமை கூட்டம் வரும். கொஞ்சம் பொறுத்திருந்தால் வரும்.

மறுவருஷம் கார்லா வருவதை நிறுத்திவிட்டாள். ஜனீனுக்கு மூட்டுவலி, குளிர் ஆகாது. ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் அந்தச் சரளைக்கல் மேல் நானும் ரோலியும் இன்னும் சில பேரும்தான் நின்றோம். 

பல்கலைக்கழகம் ரசிகர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டது. விளையாட்டுத் துறை இயக்குநர் மேடையில் உட்கார்ந்து எல்லோர் பேச்சையும் கேட்டார். நான் எழுந்து, தொழில் தெரிந்தவன் என்ற முறையில் பேசினேன். ரசிகர்களில் பாதிப் பேர் கிழவர்கள். பனி விழும் மாதம், விளக்கில்லாத கிராமத்துச் சாலை, நாள் முழுக்க வேலை செய்த உடம்பு, நடுராத்திரிப் பயணம். இப்படியே போனால் ஒருநாள் ஒருவர் சாகப்போகிறார், அந்தப் பழி இந்த மேடைக்குத்தான் வரும் என்றேன். 

இயக்குநர் மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்க சொல்றது நியாயமான கவலை சார். இதுவரைக்கும் அப்படி யாருக்காவது ஏதாவது ஆயிருக்கா?"

இல்லை என்றேன்.

"அப்படி ஏதாவது ஆச்சுன்னா நாங்க கண்டிப்பா மறுபடியும் யோசிப்போம்," என்றார். அடுத்தவர் கழிப்பறை வரிசையைப் பற்றிக் கேட்க எழுந்துவிட்டார்.

அந்தப் பதிலை நான் குறை சொல்ல மாட்டேன். நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பயத்தை வைத்து எந்தக் கம்பெனியும் முடிவெடுக்காது. கையில் ஏதாவது வேண்டும்.

அதனால் காத்திருந்தேன். ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் உள்ளூர் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாருக்கும் கெடுதல் நினைத்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். நடக்கப்போவது நடக்குமா என்றுதான் பார்த்தேன். ஒரு சீசன் முழுவதும் போயிற்று. ஒருவன் மான் மேல் மோதி விளக்கை உடைத்துக்கொண்டான், அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நான் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். உலகம்தான் சுணங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்து கிளம்பும்போது, யார் வீடு ரொம்பத் தூரமோ அவர்களுக்கு மிச்சக் காபி. அதை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுப்பது பக்கத்தில் குடியிருக்கிறவனின் கடமை. நடந்து போகிற தூரத்தில் என் வீடு. ரோலி வீடுதான் எல்லோரையும்விடத் தூரம். அதனால் ஊற்றுவது எப்போதும் நான், வாங்குவது எப்போதும் அவன். சர்க்கரையைத் தூக்கலாகப் போடச் சொல்வான். மூடியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டான், வண்டியில் வைத்துக்கொண்டு போகிற வழியில் குடிப்பான்.

நார்மாவின் தூக்க மாத்திரைகள் குளியலறை அலமாரியில் அப்படியே இருந்தன.

வேறு யாரும் கிடைக்கவில்லையா என்று நீங்கள் மனசுக்குள் கேட்பது தெரிகிறது. யோசிக்காமல் இல்லை. தூரத்திலிருந்து வருகிற இன்னொருவன் இருந்தான், எப்போதும் குடித்துவிட்டு வம்பு பேசுகிறவன். அவன் செத்தால் குடி என்பார்கள், கதை முடிந்தது. ரோலி குடிக்க மாட்டான். தவிர, அவனைப் பிடிக்காதவர்கள் கிடையாது. ஊரே அழ வேண்டும் என்றால் ஊருக்குப் பிடித்தவனாகத்தான் இருக்க வேண்டும். அவன் வீட்டுக்குப் போகிற சாலையில் அந்த நேரத்துக்கு எதிரே வண்டி வராது என்பதையும் முன்னாலேயே போய்ப் பார்த்துக்கொண்டேன். சம்பந்தமில்லாதவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது. அதில் நான் கவனமாகவே இருந்தேன்.

முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் போன் வந்தது.

"டேய் டெல், நேத்து பயந்தே போயிட்டேன்டா. பாதி வழியில கண்ணைக் கட்டிக்கிட்டு வருது. ஒரு சர்ச் வாசல்ல வண்டியை ஓரங்கட்டிட்டுத் தூங்கிட்டேன். முழிச்சுப் பார்த்தா விடிஞ்சிருக்கு. மாடுங்க கத்திக்கிட்டு இருந்துச்சாம், ஜனீன் போலீசுக்கே போன் போடப் போயிட்டா."

"வயசாகுதுடா," என்றேன்.

"அதான் சொல்ல வந்தேன். நீ சொன்னது சரிதான்யா. இந்தச் செவ்வாய்க்கிழமைக் கூத்தெல்லாம் நம்ம வயசுக்கு ஆகாது. அடுத்த கூட்டத்துல நானே எழுந்து சொல்றேன். என் வாயால நீ ஜெயிச்சன்னு சொல்லணும்னு இருக்கு, சிரிக்காத."

நான் சிரிக்கவில்லை. மனசு நெகிழ்ந்துபோனது என்றே சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ரோலி எழுந்து பேசினால் அதுவும் ஒரு அபிப்பிராயம்தான். தூக்கம் வந்தது, ஓரங்கட்டினேன் என்றால், பார்த்தீர்களா, பத்திரமாகத்தானே போனீர்கள் என்பார் இயக்குநர். நம் பக்கத்து வாதம் இன்னும் பலவீனமாகத்தான் ஆகும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பனித்தூறல். ஆட்டம் தோல்வி. ரோலி தொப்பையைத் துடைத்துக்கொண்டு, மூன்று சட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"டெல், இன்னைக்கு ஓட்டவே பயமா இருக்குடா. உன் வீட்டு சோபாவுல படுத்துக்கட்டுமா? மாப்பிள்ளை மாடு கறந்துக்கிறேன்னுட்டான்."

நடந்து போகிற தூரம்தான் என்று சொன்னேன் அல்லவா. நாங்கள் நின்ற இடத்திலிருந்து என் வீட்டு வாசல் விளக்கு தெரியும்.

"வீடெல்லாம் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கேன்டா. ஒரே நாத்தம். உனக்கு மூச்சு முட்டும்," என்றேன். "நல்லா ஸ்ட்ராங்கா காபி போட்டுத் தர்றேன். குடிச்சிக்கிட்டே போ, தூக்கம் வராது."

"சரி விடு," என்றான். ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு என் தோளைத் தட்டினான். "நீ இருக்கிறதாலதான்டா நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினான்.

இந்தத் தடவை அளவைக் கூட்டியிருந்தேன். ஓடைப் பாலத்துக்கு முன்னால் சாலை வளைகிறது, வண்டி வளையவில்லை. ஓரங்கட்ட நினைத்தானா இல்லையா என்று டயர் தடத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும். நான் போய்ப் பார்க்கவில்லை. மாத்திரையைக் கலந்தது நான், வீட்டில் இடம் இல்லை என்று பொய் சொன்னது நான், அவனைக் கொன்றது நான். ஜனீன் அந்த ஃபிளாஸ்க்கை உங்களிடம் கொடுக்காமல் இருந்திருந்தாலும், நீங்கள் வந்து கேட்டிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன்.

ஒன்றை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் நினைத்தபடியே நடந்தது. ஊர் அழுதது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரோலியின் நினைவாக, சீசனின் கடைசி ஆட்டம் புதன் இரவிலிருந்து சனிக்கிழமை மத்தியானத்துக்கு மாற்றப்படுகிறது என்று அறிவித்தார். தொலைக்காட்சிக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். சவ அடக்கத்தில் கார்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அன்னைக்கே சொன்னீங்களே, யாரு காதுல போட்டுக்கிட்டாங்க" என்று தேம்பினாள்.  ஒருவராவது சொன்னார்களே.

அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில். நவம்பரில் அப்படி ஒரு நாள் கிடைப்பது அபூர்வம். காலையிலேயே போய் எங்கள் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். மடக்கு நாற்காலிகளை விரித்தேன். அடுப்பு மூட்டினேன். பழைய கூட்டத்துக்குப் போதுமான சாசேஜ் வாங்கி வந்திருந்தேன்.

கார்லா வரவில்லை. பள்ளிக்கூடமும் இல்லை, பஸ்ஸும் இல்லை, இருந்தும் வரவில்லை. ஜனீன் வீட்டுக்குப் போயிருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மற்றவர்களும் வரவில்லை. ரோலி இல்லாமல் அங்கே என்ன இருக்கிறது என்று ஒருவன் யாரிடமோ சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனான். உள்ளே போய்ப் பார்த்தால் பெஞ்சுகள் செவ்வாய்க்கிழமையைவிடக் காலி. திரும்பி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். சாசேஜ் கருகிக்கொண்டிருந்தது, புரட்டிப்போட மனசு வரவில்லை.

அப்போது எனக்கு ரோலி மேல்தான் கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டு ஒரு சனிக்கிழமையை மீட்டுக் கொடுத்திருக்கிறேன், இதற்காவது அவன் வந்திருக்கலாம்.