பதினேழு முறை விற்ற டை

எனக்கு டை கட்டத் தெரியாது. இருபத்திரண்டு வருடம் மால் மேலாளராக இருந்தவன் இப்படிச் சொல்வது உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம், வக்கீலம்மா. கிளிப் வைத்ததைத்தான் மாட்டிக்கொள்வேன். ஆனால் இந்த விவகாரம் முழுக்க ஒரு மெரூன் டையில்தான் தொங்குகிறது.

எங்கள் மால் உங்களுக்குத் தெரியும். ஒரு முனையில் வென்ட்லர்ஸ் என்ற பெரிய கடை. அதற்கு வரும் கூட்டத்தை நம்பி வரிசையாகச் சின்னக் கடைகள். வென்ட்லர்ஸ் மூடினால் சின்னக் கடைக்காரர்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். உங்கள் கட்சிக்காரர், ப்ரெட்ஸல் ரொட்டிக் கடை டார்லீன், ஒப்பந்தப் பத்திரத்தில் இருக்கும் அந்த வரியை எனக்குப் பலமுறை உரக்கப் படித்தே காட்டியிருக்கிறார். எந்தக் கடையைத் திறந்த கடை என்று சொல்லலாம் என்பதும் அதே பத்திரத்தில் இருக்கிறது. விளக்கு எரிய வேண்டும். ஒரு கல்லா ஓட வேண்டும். ஒரு விற்பனையாளர் நிற்க வேண்டும். ஒருவர் போதும். அதை எழுதியவன் நானில்லை.

வென்ட்லர்ஸ் கம்பெனி திவாலானது நான்கு வருடம் முன்பு. அதற்குள் எங்கள் கிளையில் மேல்மாடியைப் பூட்டியாகிவிட்டது. கீழே டை, கையுறைப் பிரிவில் மிஸஸ் வெர்னா பாஜெக் மட்டும் மிஞ்சியிருந்தார். முப்பத்தெட்டு வருட சர்வீஸ். பேப்பரில் வந்த செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"எல்லா கிளையையும் மூடுறாங்களாமே, மெர்வின்?"

"உங்களோடதைத் தவிர, மிஸஸ் பாஜெக். இதுதான் இருக்கிறதுலயே நல்ல கிளையாம்."

அவர் அந்தச் செய்தியை மடித்துக் கைப்பையில் வைத்தார். "அதானே பார்த்தேன்," என்றார்.

சம்பளத்தை மாலே கொடுத்தது. தலைமை அலுவலகம் என்று ஒன்று வேண்டுமே என்று ஆர்தர் பெல் என்பவரை உண்டாக்கினேன். பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் எழுதுவார். நல்ல மனிதர். வாடிக்கையாளர் வேண்டுமே என்று காவலாளி ரோஸ்கோவை அனுப்பினேன். அவன் வாங்கும் டை பின்வாசல் வழியாகப் புதுச் சரக்காகத் திரும்பிவிடும்.

"பாஸ், அந்த மெரூனை நான் பதினேழு தடவை வாங்கிட்டேன்," என்றான் ஒருநாள். "ஒவ்வொரு தடவையும் அந்தம்மா 'உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு'ங்கிறாங்க. ஒரு தடவையாவது நானே வெச்சுக்கட்டுமா?"

"சரக்கு குறைஞ்சிடும்டா," என்றேன்.

மெரூன் பறக்கிறது, இன்னும் அனுப்புங்கள் என்று மிஸஸ் பாஜெக் பெல்லுக்கு எழுதினார். கம்பெனியிலேயே முதலிடம் பிடித்த விற்பனையாளர் என்று பெல் அவருக்குச் சான்றிதழ் அனுப்பினார். அதில் பொய் எதுவும் இல்லை.

இர்மா விஷயத்துக்கு வருகிறேன். இர்மா அவருடைய தங்கை. தொலைவில் டூசான் நகரத்தில் தனியாக இருந்தவர், நுரையீரல் சரியில்லை. அவரோடு போய் இருக்க வேண்டும், ஓய்வு கொடுங்கள் என்று மிஸஸ் பாஜெக் கேட்டு எழுதினார். மாற்று ஆள் வராமல் கல்லாவை விட்டுப் போகிற பெண்மணி அல்ல அவர். அது எனக்குத் தெரியும். ஆள் தேடுகிறோம், கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று பெல் பதில் எழுதினார். அடுத்து ஈஸ்டர் முடியட்டும் என்றார். பிறகு தந்தையர் தினம். டை விற்கிற கடைக்கு அது எப்பேர்ப்பட்ட நாள் என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

அந்த ஜூன் மாதம் டார்லீன் தினமும் வென்ட்லர்ஸ் வாசலில் கேமராவோடு நின்றார், உள்ளே ஆள் இல்லாத ஒரு மணி நேரம் கிடைக்காதா என்று. அதே வாரம் செவ்வாய்க்கிழமை மருத்துவமனையிலிருந்து இர்மா கூப்பிட்டார். கடையின் தொலைபேசி எப்போதோ துண்டிக்கப்பட்டதால் அழைப்பு என் அறைக்கு வந்தது.

"வெர்னாகிட்ட சொல்லுப்பா. இன்னிக்கே கிளம்பினா பேசலாம். நாளைக்கு வாயில குழாய் வெச்சுடுவாங்க."

சொல்கிறேன் என்றேன். ஒரு சீட்டில் எழுதியும் வைத்தேன், தேதி போட்டு. அது இன்னும் என் மேசை மேல்தான் இருக்கிறது. நான் எதையும் ஒளிக்கிறவன் இல்லை.

வெள்ளிக்கிழமை இர்மா இறந்தார். பெல் வெள்ளை லில்லி அனுப்பினார். மலிவான பூ அல்ல. மூன்று நாள் விடுமுறையும் கொடுத்தார், ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்து. அந்த மூன்று நாளும் ரோஸ்கோ கல்லாவில் நின்றான். நன்றாகவே நின்றான். மாற்று ஆள் கிடைப்பது எவ்வளவு எளிது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவன் உங்களிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. மெரூன் டையைக் கட்டிக்கொண்டு வந்தானாமே. அவனுக்கு எடுப்பாகத்தான் இருக்கும்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எல்லாம் நான் செய்ததுதான். ஊரிலிருந்து திரும்பியதும் மிஸஸ் பாஜெக் பெல்லுக்கு எழுதியதை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள். இனி ஓய்வு வேண்டாமாம், போவதற்கு இடமில்லையாம். கடிதங்களை மட்டும் நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

ஆகவே என்னைச் சீக்கிரம் அனுப்பிவிட்டால் நல்லது. திங்கட்கிழமை பெல்லின் கடிதம் போயாக வேண்டும். பாவம், அவருக்கு எழுத வேறு யாரும் இல்லை.