காலியாக இருந்த ஃபோல்டர்

கெயிலுக்குக் கம்ப்யூட்டரில் ஃபோல்டரைத் திறக்க மட்டும்தான் தெரியும். எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் தலைவி அவர். தனியாக வாழும் முதியவர்களின் விவரமெல்லாம் ஒரு தரவுத்தளத்தில் இருந்தது. அவருக்காக அதை நான் ஃபோல்டர்களாகத் தெரியவைத்தேன். உண்மையில் அங்கே ஃபைல் எதுவும் கிடையாது. திறக்கும்போது என் நிரல் தரவுத்தளத்தைக் கேட்டு, ஆளுக்கொரு ஃபைலாகக் காட்டும். ‘பார்க்காதவர்கள்’ ஃபோல்டரில் பெயர் வந்தால் தொண்டர்கள் அந்த வீட்டுக்குப் போவார்கள்.

ஃபைலைத் திறந்தாலே பார்த்துவிட்டதாகப் பதியும்படி வைத்தேன். போகிறவர்தானே திறப்பார் என்று நினைத்தேன். பாதுகாப்புக்காகத் தினமும் நகலெடுக்கும் நிரலும் எல்லா ஃபைலையும் திறக்கும், எல்லாரையும் பார்த்துவிட்டதாகப் பதியும் என்று தோன்றவில்லை.

ஃபோல்டர் காலியாகவே இருந்தது.

“பய வந்து நம்ம வேலையவே ஒழிச்சிட்டான். இனிமே சீட்டாட வேண்டியதுதான்,” என்றார் தொண்டர்களில் ஒருவரான டுவெய்ன் அண்ணன். எல்லாரும் கைதட்டினார்கள். அன்றே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஒரு வரியை மாற்றினால் போதும். மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். மாற்றவில்லை.

தனியாக இருந்த ஆர்வில் கிழவரைப் பனி அள்ளும் வண்டிக்காரர்தான் பார்த்தார். வீட்டில் ஹீட்டர் நின்றுபோயிருந்தது. கோட்டும் பூட்ஸும் போட்டபடி சமையலறையில் உயிரில்லாமல் விறைத்து உட்கார்ந்திருந்தாராம்.

அந்தச் சாலை டுவெய்ன் அண்ணனின் பொறுப்பு. பதிவில் ‘பார்த்தாச்சு’ என்று இருந்தது.

“போகாமலே போனேன்னு போட்டியா?” என்றார் கெயில்.

“நான் எதையும் தொடலக்கா. அவரு பேரே வரல. டேய் கார்வின், நீயாச்சும் சொல்லுடா.”

“பதிவுல இருக்கே, அண்ணே,” என்றேன்.

மறுநாள் டுவெய்ன் அண்ணன் வீட்டுக் கதவில் யாரோ முட்டை எறிந்திருந்தார்கள்.

இப்போது வெளியே பனிப்புயல். ஏரிப்பக்கம் மின்சாரம் இல்லை. அங்கேதான் வெல்மா பாட்டி இருக்கிறார். மூச்சுவிட அவருக்கு மின்சாரக் கருவி வேண்டும். வண்டிகள் போன இடங்களை முதியவர்களின் பட்டியலோடு நானே ஒத்துப்பார்த்தேன். அவர் வீட்டுக்கு யாரும் போகவில்லை. ஃபோல்டர் காலி என்று கெயில் தூங்கியிருப்பார்.

அவரை எழுப்பினால் ஆர்வில் கிழவரைப் பற்றியும் கேட்பார். ஜன்னல் தடதடக்கும்போதெல்லாம் யாரோ வந்துவிட்டதாகத் தூக்கிப்போடுகிறது. உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். நான் கெட்டவன் இல்லை. இந்தக் காற்றில் வண்டி எடுப்பவர்களுக்கும் ஆபத்துதானே, அவர்களையும் நான் யோசிக்க வேண்டும்.

பனி நின்றதும் முதல் வேலையாகச் சொல்லிவிடுவேன்.