ஒட்டாத வியாதி

கைல கீறது பெயிண்டு இல்ல ஆன்ட்டி, எண்ணெ. வெட்பாலை எண்ணெ. காஞ்சிபோச்சி, உங்க பொடவைல ஒட்டாது, நல்லா சாஞ்சி ஒக்காருங்க. சோப்பு போட்டு தேச்சாலும் போவாது இது. எல பச்சையாதான் கீது, ஆனா கிள்ளி தேங்காண்ணெல போட்டு வெயில்ல வெச்சா கத்திரிப்பூ கலருக்கு மாறிடும். எங்க வூட்ல பாயி, தலகாணி, எங்கம்மா ஜாக்கெட்டு எல்லாம் இந்த கலருதான். காலைல வடிகட்டி பாட்டில்ல ஊத்திட்டு அப்டியே பஸ் ஏறிட்டேன்.

எனக்கு இல்ல, எங்கம்மாவுக்கு. சொரியாசிஸ். ஆங், படை மாரிதான், ஆனா படை இல்ல. செதிலு செதிலா உதிரும். மொதல்ல மொயங்கைல ஒரு ரூபா காசு அளவுதான் இருந்திச்சி. இப்ப முதுவு, காலு, தலைக்குள்ள கூட கீது. காலைல பாய ஒதறுனா மாவு சலிச்ச மாரி கொட்டும்.

தாமலுக்குப் போறேன். காஞ்சிபுரத்துல எறங்கி வேற பஸ்ஸு மாறணும். எங்கக்கா வளர்மதிய அங்கதான் குடுத்து கீது. ஆம்பளப் புள்ள பொறந்து கீது அதுக்கு. ஆஸ்பத்திரிலேர்ந்து நேத்துதான் வூட்டுக்கு இட்டாந்தாங்களாம். இந்த பைல கொயந்த துணி, வசம்பு, சீயக்கா, அப்பால கிழிச்ச பொடவ. எங்கம்மா குடுத்தனுப்பிச்சி. பொடவ எங்கம்மாது இல்ல. எதுத்த வூட்டு கீதா அத்தைகிட்ட கேட்டு வாங்கி, கொதிக்கிற தண்ணில அலசி கிழிச்சிச்சி.

எங்கம்மா வரல.

ஆமா, மொதப் பிரசவம் அம்மா வூட்லதான் பாப்பாங்க, எனக்குத் தெரியாதா. எங்க ஊர்ல யார கேட்டாலும் மாமியாக்காரி வுடலன்னுதான் சொல்லுவாங்க. கொயந்தய அந்த கையால தொடக் கூடாதாம். சரியாயிட்டு வந்தா பாக்கலாமாம். அப்டிதான் ஊரே பேசிக்கினு கீது.

திட்டுங்க, திட்டுங்க. எல்லாரும் அதான் பண்றாங்க.

கருஞ்சீரகமா? அதெல்லாம் அரைச்சி போட்டாச்சி ஆன்ட்டி. நீங்க ஒண்ணு சொல்லுங்க, நான் போட்டாச்சின்னு சொல்றேன். குப்பைமேனிய உப்பு வெச்சி அரைச்சி பூசனா, எரிச்சல் தாங்காம வாசல்ல நின்னு விசிறிக்கிச்சி. சீமை அகத்தி எலைய எலுமிச்சம்பயம் புழிஞ்சி அரைச்சோம். பூவரசங்காய ஒரசி அந்த மஞ்சப் பால தடவனோம். வேப்பெண்ண தடவிக்கினு பக்கத்துல வந்தா எங்க நைனா சோத்துத் தட்டத் தூக்கிக்கினு வெளிய போயிடுவாரு. உத்தரமேரூர் பஜார்ல அத்தாவுல்லா பாய் நாட்டு மருந்துக் கடைல நாங்க வாங்காத பொட்டலமே இல்ல. பாய் நல்லவருதான். கேட்டத குடுப்பாரு, எதுக்குன்னு கேக்க மாட்டாரு.

யூடியூபுல ஒரு அம்மா கத்தாழைய சீவிக்கினு, ஒரே வாரத்துல போயிடும் சகோதரின்னு பேசுது. எங்கம்மா அத்தயும் நம்பிச்சி. ஜெயம்மான்னு எங்க தெருவுல ஒண்ணு கீது, அது எருக்கம்பால வெய்யி, வேரோட போவும்னிச்சி. வெச்சிச்சி. தோலு வெந்து புண்ணாயிடுச்சி. சாயங்காலம் ஜெயம்மா வந்து பாத்துட்டு இன்னா சொல்லிச்சி தெரியுமா? கருவாடு துன்னியா கனகா, அதான். அவ்ளோதான். எனக்கு அங்கியே ரெண்டு வுடலாம்னு வந்திச்சி.

அது எப்பிடின்னே தெரில ஆன்ட்டி, மருந்து மேல மட்டும் தப்பே வராது. கத்திரிக்கா துன்ன, அதான். தலைக்குக் குளிச்ச, அதான். வெட்பாலை எலைய இரும்பு படாம கையாலதான் கிள்ளணும், நீ அருவாமணைல அரிஞ்சிருப்ப, அதான். எல்லாத்துக்கும் எங்கம்மாதான் காரணம். நோவும் அதுக்கு, திட்டும் அதுக்கு.

ஆஸ்பத்திரிக்குப் போவாமலா? போனோம். எங்கக்காவுக்கு அப்போ கல்யாணம் ஆவல, அதுதான் இட்டுக்கினு போச்சி. டாக்டரம்மா நல்லாதான் பேசனாங்க. இது யாருக்கும் ஒட்டாது, தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டுல துன்னாலும் ஒட்டாதுன்னாங்க. ஆயின்மென்ட்டு குடுத்து, இத்த அடக்கி வெக்கலாம், அடியோட போவாதும்மான்னாங்க. எங்கம்மா காதுல போவாதுங்கிறது மட்டும்தான் வியுந்திச்சி. ஆயின்மென்ட்டு போட்டா கொறையும், வுட்டா திரும்ப வரும். அதுக்குப் பொறுமை இல்ல. வேரோட போவும்னு யார் சொன்னாலும் அவங்க பின்னாடி போயிடும்.

எங்கக்கா அன்னிக்கு பஸ்ஸ வுட்டு எறங்கி நேரா ஜெயம்மா வூட்டுக்குதான் போச்சி. ஜெயம்மா எங்கம்மா கையால தண்ணி வாங்கிக் குடிக்காது. தெருவே கேக்கற மாரி, ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க, இனிமே எங்கம்மாவ ஒதுக்குனா மரியாத கெட்டுடும்னு கத்திட்டு வந்திச்சி. அன்னிக்கு நைட்டு ஒரே தட்டுல எங்கம்மாவுக்கு ஊட்டி வேற வுட்டுச்சி. அப்டிப்பட்டது.

நானா? பிளஸ் ஒன்னு பாதில நின்னுட்டேன். யாருக்காவும் நிக்கல. எனக்கு ஏறல. அம்மாவால நடவுக்குப் போவ முடில, சேத்துல கால வெச்சா வெடிச்சி ரத்தம் வருது, அதனால நான் போறேன். ஆனா அதுக்காவ நின்னேன்னு சொன்னா பொய்யி.

எங்கக்கா மாசமா கீதுன்னு தெரிஞ்சதும் எங்கம்மாவுக்கு ஒரே பிடிவாதம். வளைகாப்புக்குள்ள சரி பண்ணிடணும், அப்பால பொண்ண வூட்டுக்கு இட்டாரணும், கொயந்தய தன் கால்ல போட்டு குளிப்பாட்டணும். எங்க தெருவுல எத்தினி கொயந்தய குளிப்பாட்டி கீது தெரியுமா? நீட்டி வுட்ட காலு மேல குப்புற போட்டு தண்ணி ஊத்தனா கொயந்த அழுவாது, தூங்கிடும். அந்த காலுதான் இப்ப வெடிச்சி கெடக்குது.

இந்த வெட்பாலை எண்ணெ மட்டும் கொஞ்சம் கேட்டுச்சி. செதிலு கொறைஞ்சிச்சி. நான்தான் ஏரி மோட்டுல போயி எல பறிச்சாருவேன். எங்கம்மா எண்ணெய பூசிக்கினு வெயில்ல மணக்கட்டைல ஒக்காந்துக்கினு, பாருடி, கம்மியாயிடுச்சில்ல, நல்லா பாத்து சொல்லுடின்னும். கம்மியாயிடுச்சின்னுதான் சொல்லுவேன். வேற இன்னா சொல்றது.

வளைகாப்புக்கு வேன் வெச்சி தாமல் போனோம். முழுக்கை ஜாக்கெட்டு தச்சிப் போட்டுக்கிச்சி எங்கம்மா. புளி சோறு, எலுமிச்ச சோறு, தேங்கா சோறுன்னு கட்டிக்கினு போனோம். அங்க ஒரு பொம்பள எலைல ஒக்காந்துக்கினு, இத யாரு கிண்டனதுன்னு கேட்டுச்சி. நான்தான், எங்கையி சுத்தமாதான் கீது, வேணும்னா மோந்து பாருங்கன்னேன். எங்கம்மா என் தொடைய கிள்ளிச்சி.

அக்காவுக்கு எங்கம்மா சந்தனம் பூசி வளையல் போட்டுச்சி. எங்கக்கா கைய நீட்டி, கண்ண இறுக்கி மூடிக்கிச்சி. பொண்ணு அழுவுது, அம்மா பாசம்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்டிதான் நெனச்சேன். வேன் ஏறும்போது, ஆஸ்பத்திரி இங்கியே கிட்ட கீது, அதனால இங்கியே பாத்துக்கிறோம்னு அனுப்பி வெச்சிட்டாங்க. கட்டுன சோத்துக் கூடைய மட்டும் தூக்கிக்கினு திரும்பி வந்தோம்.

எந்த ஊரு இப்போ? மாகறலா. இன்னும் கீது.

ஆன்ட்டி, போதும் எங்கக்கா மாமியார திட்னது. பாவம் அவங்க. அவங்க ஒண்ணுமே சொல்லல. கொயந்த பொறந்ததும் மொதல்ல போன் பண்ணதே அவங்கதான். சம்பந்தி வரமாட்டாங்களா, பேரன பாக்க வேணாமான்னு நேத்து கூட கேட்டாங்க.

சொன்னது எங்கக்கா.

போன வாரம் எங்கம்மா போனுக்குதான் பண்ணிச்சி. நான்தான் எடுத்தேன். பிரபா, நீ மட்டும் வாடி. அம்மாவ இட்டாராத. பிஞ்சித் தோலுடி, எனக்கு பயமா கீது. நான் சொன்னேன்னு சொல்லாத, எங்கத்த சொன்னாங்கன்னு சொல்லிடுன்னிச்சி. அழுதுகினேதான் சொல்லிச்சி. ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னப்ப நீ கூடதான நின்னுக்கினு இருந்தேன்னு கேட்டேன். தெரியும்டி, தெரிஞ்சாலும் பயமா கீதுடின்னிச்சி.

அந்த போன காதுல வெச்சா ஒண்ணும் கேக்காது ஆன்ட்டி, ஸ்பீக்கர்லதான் பேசணும். எங்கம்மா பக்கத்துலதான் ஒக்காந்து அரிசி பொடைச்சிக்கினு இருந்திச்சி. முறம் நின்னுபோச்சி. என்ன பாத்து, சரின்னு சொல்லுன்னு தலைய ஆட்டுச்சி. சரின்னேன்.

கொஞ்ச நேரம் கயிச்சி கீதா அத்த வந்து எப்போ போறன்னு கேட்டாங்க. எங்கம்மா மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு, எங்க போறது, சம்பந்திக்காரி வுட மாட்றா, எம்பொண்ணு பாவம், அம்மா வேணும் அம்மா வேணும்னு அழுவுதுன்னிச்சி. நான் முறத்த வாங்கி பொடைச்சேன். அப்டியே ஊரு பூரா பரவிடுச்சி.

எங்கக்காகிட்ட இன்னா கேப்பேன்? ஒண்ணும் கேக்க மாட்டேன். கொயந்த மூக்கு யார் மாரி கீதுன்னு பாத்துட்டு வரச் சொல்லி கீது எங்கம்மா. போட்டோ எடுத்தாரேன்னேன். போட்டோல சரியாத் தெரியாது, நீ தூக்கி கிட்டக்க பாத்துட்டு வாடின்னிச்சி.

ஓரிக்கை வந்திடுச்சி. பைய எடுங்க ஆன்ட்டி, அந்த ஓரமா கீது பாருங்க.

நான் சின்னதுலேர்ந்து எங்கம்மா கூடதான் படுப்பேன். கால தூக்கி அது மேல போட்டுக்கினாதான் தூக்கம் வரும். எனக்கு எங்கியும் ஒண்ணும் வரல, பாத்தீங்கள்ல. அந்த போனு வந்த நாள்லேர்ந்து என் பாய தனியா அந்தாண்ட செவத்தோரமா போடுது. கொயந்தய தூக்கப் போற ஒடம்புடி, எங்கிட்ட படுக்காதன்னுது. ஒட்டாதும்மான்னேன். தெரியும்டி, தெரிஞ்சாலும் பயமா கீதுடின்னிச்சி.