கிருத்திகா அக்காவின் ஐஸ் பெட்டி

மேடையில் இருக்கும் ஆய்வகத் தலைவர் அவர்களே, ஊராட்சித் தலைவர் முருகானந்தம் அவர்களே, ஆலமரத்துக் காட்டுக்காரர் செங்கோடன் அய்யா அவர்களே, மகள் கிருத்திகாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் செல்லியம்மாள் அம்மா, ஜலகண்டாபுரத்து மக்களே, வணக்கம்.

என் பெயர் இலக்கியா. வௌவால் பிடிக்க முனைவர் கிருத்திகாவோடு வலை கட்டியவள். எனக்கு முன் பேசியவர், அக்கா இயற்கை எய்தினார் என்றார். எது இயற்கை? தப்பான பக்கம் வந்த லாரி இயற்கையா? மேட்டூர் சாலையோரம் ரத்தம் போய்ச் செத்தார். வௌவால் காய்ச்சலில் சாகவில்லை! பிரேதப் பரிசோதனை அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் ஒரு தொலைக்காட்சி 'மர்மச் சாவு' என்று நாள் முழுக்க ஓட்டியது. அதை நம்பி ஊர் எடுத்த முடிவால், நாளைக் காலை அய்யாவின் ஆலமரத்தை அறுக்க மிஷின் வருகிறது. அதில் தொங்கும் பழந்தின்னி வௌவால்களை ஒழிக்கவாம்.

எதற்குப் பயப்படுகிறோம் என்றாவது தெரிந்து பயப்படக் கூடாதா?

முதன்முதலில் நாங்கள் வலையோடு வந்தபோது செங்கோடன் அய்யா வழிமறித்தார்.

"ஏனுங்க, இந்த மரத்து வவ்வாலுக்கு வைரசு இருந்தா, பக்கத்து மில்லுக் கூரையில இருக்கற சின்ன வவ்வாலுக்கும் இருக்குமில்ல? அப்பறம் எங்க ஆட்டுக்கு, எங்களுக்கு?"

"உங்க குலசாமி எதுங்க?" என்று கேட்டார் அக்கா.

"செல்லாண்டியம்மனுங்க."

"பக்கத்து ஊட்டுக்காரருக்கு?"

"அவிங்க வேற கூட்டம். கருப்பணசாமி."

"பள்ளிபாளையத்துல இருக்கற உங்க பங்காளிக்கு?"

"எங்கிருந்தா என்னங்க? பங்காளின்னா எங்க சாமிதான்."

"வைரசும் பெரும்பாலும் அப்படித்தானுங்க. பக்கத்து ஊட்டைப் பாக்காது, பங்காளியைத்தான் பாக்கும்."

அய்யாவின் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த கண்ணாத்தாள் அக்கா விடவில்லை. "நல்லாருக்குது சாமி! இனி வவ்வாலுக்கும் கெடா வெட்டிப் பொங்க வெக்கச் சொல்லுவீங்களாட்ட இருக்குது!"

எல்லோரும் சிரித்தோம். அய்யா சிரிக்கவில்லை. "எம்பட புள்ளை எங்க சாமி படத்தைப் புருசன் ஊட்டுக்குக் கொண்டு போயிருச்சுங்களே?"

"அதேதானுங்க! எப்பவாவது ஒண்ணு ஊடு தாண்டும். தாண்டுதான்னு பாக்கத்தான் நான் வாரேன். நீங்க வவ்வால் கடிச்ச பழத்தைத் தொடாதீங்க, மரத்தை உசுப்பாதீங்க. அது போதும்."

சோதனை முடிவும் அப்படியே வந்தது. ஆலமரத்து வௌவாலில் இருந்த வைரஸ், கல்லெறி தூரத்து மில் கூரை வௌவாலில் இல்லை. காவிரிக் கரையில், பள்ளிபாளையத்துப் பழந்தின்னி வௌவாலில் இருந்தது. நாங்கள் பார்த்தவரை ஆடுகளிலும் இல்லை. மரத்தை அறுத்தால் அவை செத்தா போகும்? மிரண்டு ஊரூராய்ச் சிதறும். மிரண்டு பசித்த வௌவாலின் மூத்திரத்தில்தான் வைரஸ் அதிகம் வெளியேறும். அதையா செய்யப் போகிறோம்? அதையா!

ஆய்வகத் தலைவர் அவர்களே, ஜீப் கேட்டு அக்கா உங்கள் வாசலில் எத்தனை முறை நின்றார்? ஒப்பந்த ஊழியருக்கு வண்டி கிடையாது என்றீர்கள். இன்று மலர்வளையம் அந்த ஜீப்பில்தான் வந்து இறங்கியது.

அதனால்தான் ஐஸ் பெட்டியைத் தன் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனார். யாரும் திறந்துவிடக் கூடாதென்று தானே பெரிதாக எழுதியிருந்தார்: 'வௌவால் எச்சில், ரத்தம். தொடாதீர்கள்.' அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கக் கூட்டம் ஓடிவந்தது. ஒருவர் பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்தார். "டேய், வவ்வாலுடா! தொடாதீங்கடா!" எல்லோரும் பின்வாங்கினார்கள். பெட்டி உடையவில்லை. மூடி திறக்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அக்காவைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். ஒருவரும் காயத்தில் ஒரு துணியைக்கூட வைத்து அழுத்தவில்லை.

அந்த வட்டத்தில் நின்ற சிலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். தலையைக் குனியாதீர்கள். நிமிர்ந்து கேளுங்கள்.

நாளை மிஷின் வரும்போது நான் மரத்தடியில் இருப்பேன். செங்கோடன் அய்யா, காடும் மரமும் உங்களுடையவை. வேண்டாம் என்று நீங்கள் ஒரு சொல் சொன்னால் மிஷின் திரும்பிவிடும். சொல்வீர்களா? சொல்லாவிட்டால், அந்த வௌவால்கள் சிதறும் ஊருக்கெல்லாம் வலையோடு போவேன். அக்கா விட்ட வேலை நிற்காது.

அதே பெட்டியை என் வண்டியில் கட்டியிருக்கிறேன். வெளியே நிற்கிறது, போகும்போது பாருங்கள். அக்காவின் எழுத்தை அழிக்கவில்லை. அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்:

'பெட்டியைத்தான் சொன்னேன். ஆளைத் தூக்குங்கள்.'